தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்

சமையலறையில் கை ஓய்கிற வேலை எது என்று கேட்டால், பத்துப் பாத்திரம் தேய்ப்பது என்றுதான் பலரும் சொல்வார்கள். பாத்திரமாவது பரவாயில்லை, அன்றன்றைக்குக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். சிங்க்கும் மேடையும் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸும் அப்படியில்லை. பொங்கலோ தீபாவளியோ வரட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கம்பி நாரும் கையுமாகப் பாதி நாளை அதற்கே தாரை வார்க்கிறோம். அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண் என்பதுதான் என் கட்சி.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியல் பொறியாளர் ஹெர்பர்ட் சின்னர், 1959இல் ஒரு கணக்குச் சொன்னார். அழுக்கு போவதற்கு நான்கு வேண்டும்: மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். இதில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். சலவைக்குச் சொன்ன இந்தக் கணக்கு இன்று துப்புரவுத் தொழில் முழுவதற்கும் அரிச்சுவடி. நம் வீடுகளில் கூலியில்லாமல் உழைக்கக் கூடியது நேரம் ஒன்றுதான். அதைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, மொத்த வேலையையும் தோள்பட்டையின் தலையில் கட்டுகிறோம்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயும் ஆவியோடு கிளம்புகிற எண்ணெய்த் துளிகளும் டைல்ஸிலும் புகைபோக்கியிலும் மசாலா டப்பா மூடிகளிலும் படிகின்றன. அன்றைக்கே துடைத்தால் அது வெறும் எண்ணெய். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து ஒருமுறை இழுத்தால் போய்விடும். விட்டுவைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் அடுப்புச் சூட்டோடும் சேர்ந்து பிசினாக இறுகிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவை இப்படி இறுகுவதில் கெட்டிக்காரர்கள். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது. இறுகிய பிசுக்குக்குக் காரம் வேண்டும். வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, பழைய துணியை நனைத்துப் பிசுக்கின்மேல் ஒட்டிவிட்டு, கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சோடா படக் கூடாது, கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இதே சூத்திரம்தான். சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெயைக் கரைத்தது. அதன் சொரசொரப்பு தேய்ப்புக்கு உதவியது.

அடுத்தது, குழாயடியிலும் சிங்க்கின் ஓரத்திலும் படிகிற வெள்ளைக் கறை. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் அதையும் தாண்டும். அத்தனையும் கால்சியம், மக்னீசிய உப்புகள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே உட்கார்ந்து, அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படலம். இதற்குச் சோப்பு எத்தனை போட்டாலும் பயனில்லை, காரத்துக்கும் மசியாது. புளிப்புதான் மருந்து. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்து, குழாயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். அரை மணியில் கறை இளகிவிடும். நன்றாகக் கழுவித் துடைத்தால் முடிந்தது. வினிகரும் இதைச் செய்யும், பிழிந்த எலுமிச்சை மூடியும் செய்யும்.

எண்ணெய்க்குக் காரம், உப்புக்குப் புளிப்பு. இதைப் புரிந்துகொண்டால், ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்கவைக்கும் வீடியோக்களைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். காரமும் அமிலமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான். பொங்கி வருவது கரியமில வாயு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துங்கள்.

புளிப்பை எங்கே வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். கடப்பா கல் பார்க்கக் கருங்கல் மாதிரி இருந்தாலும் சுண்ணாம்புக் கல் வகை. பளிங்கும் அப்படியே. எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே கிடந்தால் அந்த இடம் அரித்து மங்கிவிடும். பிறகு எதைப் போட்டாலும் பளபளப்பு திரும்பாது, பாலிஷ்தான் போட வேண்டும். கிரானைட் இதைத் தாங்கும்.

இனி எவர்சில்வர் சிங்க். நல்ல சிங்க்குகளில் பெரும்பாலும் 304 என்ற ரகம் இருக்கும்: சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காமல் காப்பது அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கீறினாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு எதிரி குளோரைடு. கல்லுப்பு ஈரத்தோடு கிடப்பது, ப்ளீச்சை ஊற்றி இரவு முழுக்க விடுவது, கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கொண்டுவந்து சிங்க்கில் ஊற்றுவது ஆகிய மூன்றும் புள்ளிபுள்ளியாகக் குழி விழவைக்கும். இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பழி சிங்க்கின்மேல் விழும். மெல்லிய நார், அதுவும் உலோகத்தில் ஓடும் கோடுகளின் போக்கிலேயே தேய்த்தால் போதும்.

தேய்க்கிற பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள். அத்தனையும் நோய்க்கிருமிகள் அல்ல என்றாலும், நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. அவ்வப்போது தனியாகச் சுத்தம் செய்த ஸ்பாஞ்சுகளிலும் பாக்டீரியா குறைந்திருக்கவில்லை. வாரம் ஒன்று மாற்றுங்கள் என்பது அவர்கள் யோசனை. வாராவாரம் ஸ்பாஞ்ச் வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது என்றால், சீக்கிரம் உலரும் நாருக்கு மாறலாம். நம்முடைய தேங்காய் நார் இதில் ஸ்பாஞ்சைவிட ஒரு படி மேல். எதுவானாலும் சோப்புத் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் போட்டுவைக்காமல் தொங்கவிடுங்கள்.

மஞ்சள் கறைக்கு மட்டும் மருந்தே வேண்டாம். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, காரம் பட்டால் அதன் குணம் அது. துணியையும் பிளாஸ்டிக் டப்பாவையும் கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதைந்து மங்கிவிடும்.

குழாய் அடைப்புக்கு ஒரே வழி, அடைக்கிற பொருளை உள்ளே விடாமலிருப்பது. பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், சட்டியைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கொதிக்கும் கஞ்சியை வடிக்கும்போது குழாயைத் திறந்துவிடுங்கள். கீழே இருப்பது பி.வி.சி. குழாய் என்றால் கொதிநீர் அதை இளகவைத்துவிடும்.

விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாத ஒன்று உண்டு. ப்ளீச்சோடு ஆசிட்டையோ வினிகரையோ சேர்த்தால் கிளம்புவது குளோரின் வாயு. கதவு சாத்திய சின்னச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த திரவங்களோடும் ப்ளீச் சேரக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதில் பாதியைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும் வேலை ஒன்று இருக்கிறது: ராத்திரி கடைசியாக ஓர் உலர்ந்த துணியால் சிங்க்கையும் குழாயையும் மேடையையும் துடைத்துவிடுவது. ஈரம் இல்லையென்றால் உப்பு படியாது, எண்ணெய் இறுக நாள் கிடைக்காது, கரப்பானுக்குக் குடிக்கத் தண்ணீரும் இருக்காது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதையும் வீட்டில் நாள் முழுக்க நின்று சமைத்தவர் தலையிலேயே கட்டிவிடாதீர்கள். கடைசியாகச் சாப்பிட்டுக் கை கழுவுகிறவர் யாரோ, ஆணோ பெண்ணோ, துணி அவர் கையில் இருக்கட்டும்.