நோய்ப்படுக்கை நீதிமன்றம் அன்று

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நமது மருத்துவமனையின் தாழ்வாரங்கள் நிறைந்துவிடுகின்றன. தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியும், பையில் சாத்துக்குடியும், கையில் வேதாகமமுமாக உறவினரும் சபையாரும் வருகின்றனர். நெடுந்தொலைவு பேருந்தில் பயணம் செய்து, கால்கடுக்க நின்று, ஒரு மணி நேரம் படுக்கையருகே இருந்து செல்லும் அவர்களது அன்பை நாம் அறிவோம். ஆயினும், அவர்கள் கொண்டுவருவனவற்றுள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றும் சில வேளைகளில் சேர்ந்துவிடுகிறது. அது தீர்ப்பு.

“என்ன பாவம் செய்தீர்களோ, ஆராய்ந்து பாருங்கள்” என்கிறார் ஒருவர். “விசுவாசம் உறுதியாக இருந்திருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும்” என்கிறார் மற்றொருவர். “பிள்ளையை ஒழுங்காக ஜெபத்தில் வளர்த்திருக்கலாமே” என்று தாயிடம் கூறுகிறார் வேறொருவர். இவை பெரும்பாலும் கெட்ட எண்ணத்துடன் சொல்லப்படுவன அல்ல. ஆனால் வந்தவர் விடைபெற்றுச் சென்றபின், படுக்கையில் இருப்பவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அன்றிரவு அவருக்கு வலியோடு குற்றவுணர்வும் துணையிருக்கிறது.

இந்தக் கேள்வி புதியதன்று. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவத்தால், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று இயேசுவிடம் கேட்டதை யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த மனிதன் அருகிலேயே இருந்தான். அவனுக்குக் கண் தெரியாதேயன்றிக் காது கேட்காமல் இல்லை. தன்னைப் பற்றித் தன் முன்னிலையிலேயே நடந்த அந்த விசாரணையை அவன் எத்தனை முறை முன்பும் கேட்டிருப்பானோ! ஆண்டவர் அந்த இரண்டு விடைகளையுமே மறுத்தார். பிறகு குனிந்து மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசினார். சீடர்கள் அவனை ஒரு வினாவாகக் கண்டனர். அவரோ கைதொட்டு உதவ வேண்டிய ஒரு மனிதனாகக் கண்டார்.

யோபுவின் நண்பர்களும் இவ்வகையில் நமக்குப் பாடமாகின்றனர். துன்பச் செய்தி கேட்டு வந்த அவர்கள், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. எட்டாம் நாளுக்கு மேல் வாய் திறந்து, யோபுவின் துன்பத்துக்கு அவரது குற்றமே காரணம் என்று வாதிடத் தொடங்கினர். கடவுளுக்காகவே பேசுவதாக அவர்கள் நம்பினர். முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேலேயே திரும்பிற்று.

தீர்ப்பு மனத்தை மட்டுமன்றி உடலையும் கெடுக்கும் என்பதற்குத் தொழுநோயின் வரலாறு பெருஞ்சான்று. அது கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். எனினும் அது பாவத்தின் கூலி, பரம்பரைச் சாபம் என்னும் பேச்சு ஓயவில்லை. அப்பேச்சுக்கு அஞ்சிய மக்கள் உணர்ச்சியற்ற தேமலை மறைத்தனர். மறைத்ததால் மருத்துவம் தாமதமாயிற்று, தாமதத்தால் நரம்புகள் கெட்டன, விரல்கள் மடங்கின. மடங்கிய விரல்களைக் கண்ட ஊரார், முன்பு சொன்ன தீர்ப்பை மீண்டும் உறுதிசெய்துகொண்டனர். நோய் பாதி, நாவு பாதியாகச் சேர்ந்து ஒரு மனிதனை ஊருக்கு வெளியே தள்ளின.

இந்தச் சுழலை உடைத்தவர்களுள் ஒருவர் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, இறுகப் பற்றும்படி கேட்டார். அந்தப் பிடியின் வலிமை அவருக்கு வலித்தது. செத்துப்போனதாக எல்லாரும் எண்ணிய கையில் உயிருள்ள தசைகள் இருந்தன! அந்தத் தசைகளின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் இயங்கும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. பின்னர் எத்தனையோ கைகள் அவ்வாறு சீர்செய்யப்பட்டு உழைப்புக்குத் திரும்பின.

விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும் அவரும் அவருடன் பணியாற்றியோரும் கண்டறிந்தனர். வலி தெரியாத கை, சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது; வலி தெரியாத கால், முள்ளின்மேல் நடக்கிறது. உறங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள். சாபம் என்று சொல்லப்பட்டதன் பின்னே இத்தனை எளிய காரணங்கள் இருந்தன. அருகில் சென்று பொறுமையாகப் பார்த்தவர்களுக்கே அவை தெரிந்தன.

பிராண்ட் தம் நினைவுகளில் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முறையை விளக்கியபோது அவர் தோளில் கைவைத்தார். அம்மனிதர் குலுங்கி அழத் தொடங்கினார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் என்று உடனிருந்தவர் எடுத்துச் சொன்னார்.

அதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். இனி இவரால் என்ன பயன் என்று உலகம் கேட்டிருக்கக்கூடும். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, தம்மைப் போன்றோருக்காக அத்துறையை அங்கே வளர்த்தார். அவரை நோக்கி எவரும் சொல்லியிருக்கக்கூடிய தீர்ப்புகள் அனைத்துக்கும் அந்த வாழ்க்கையே மறுமொழி.

இன்று தொழுநோய் ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகிறது. ஆனால் தீர்ப்பு குணமாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1898இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்னும் விதி, கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்திலிருந்தும் பிற மணச் சட்டங்களிலிருந்தும் 2019இல்தான் அகற்றப்பட்டது.

இவற்றை எழுதும் மருத்துவமனைப் பணியாளராகிய நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லோம். குடியால் கல்லீரல் கெட்டு வந்தவரைக் கண்டதும் எங்கள் முகம் மாறுவதுண்டு. காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரிடம் குரல் உயர்வதுண்டு. அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், மாத்திரை வாங்க வரும் நாளில் கூலி போய்விடுகிறது என்பார். அல்லது தம் நோய் அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சியிருப்பார். கேளாமலே தீர்ப்பளித்திருந்தால் அந்த உண்மை எங்களுக்குக் கிடைத்திராது. மருந்தும் பலித்திராது.

அப்படியானால் உண்மையைச் சொல்லவே கூடாதா என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். புகைப்பதை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொல்வது தீர்ப்பன்று. அது சிகிச்சையின் பகுதி. வேறுபாடு இதுதான்: காரணத்தைத் தேடுகிறவர் நோயாளியோடு சேர்ந்து நாளையை நோக்குகிறார். குற்றம் சாட்டுகிறவர் நேற்றைச் சுட்டிக்காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லாரும் அறிவோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம், இந்த ஆபத்தான பாதையில் தனியே ஏன் வந்தாய் என்று அவன் கேட்டதாக உவமையில் இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்து, மீதியையும் பொறுப்பேற்றான். விசுவாசம் அவன் கைகளில் இருந்தது.

ஆகவே, நோயாளரைப் பார்க்க வரும் அன்பர்களே, அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். ஜெபிக்கலாமா என்று அவரிடம் கேட்டபின் ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குள் அறிவுரையை ஒளித்து வைக்காதீர்கள். இரவு முழுதும் விழித்திருந்த மகளை ஒரு மணி நேரம் உறங்கச் சொல்லி, அந்த நாற்காலியில் நீங்கள் அமருங்கள். அடுத்த படுக்கைக்காரரின் மகன் வரவில்லையே என்று பேசுவதை விட்டு, உங்கள் குடுவையிலிருந்து அவருக்கும் ஒரு வாய் வெந்நீர் கொடுங்கள். அவரைப் பற்றி நாம் அறியாதவை எத்தனையோ.

படுக்கையில் இருக்கும் அன்பரே, உங்களிடமும் ஒரு சொல். உங்களை மிகக் கடுமையாகத் தீர்ப்பவர் பல நேரங்களில் நீங்களே. மனத்தை உறுத்தும் தவறு ஏதேனும் உண்மையாகவே இருப்பின், அதை இறைவனிடமோ, நம்பத்தக்க ஒருவரிடமோ சொல்லி ஆறுதல் பெறலாம். மருத்துவமனைக் குருவானவர் உங்கள் அருகே வந்து அமர ஆயத்தமாக இருக்கிறார். ஆனால் வலி கூடும் ஒவ்வொரு வேளையும் கடவுளின் கோபம் என்று கணக்கிடாதீர்கள். இரவில் வலி கூடினால் அழைப்பு மணியை அழுத்துங்கள். செவிலியர் வருவார். ஏன் அழைத்தீர்கள் என்று அவர் கேட்பது, உதவி செய்வதற்காகவே.