வாரண்டி முடிந்த லேப்டாப்பில் திரை போனால் என்ன செய்வது?



கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களோடு அண்மைக் காலமாக இன்னொரு கோரிக்கையும் நம்மிடம் வருகிறது. "லேப்டாப் திரை போய்விட்டது, வாரண்டியும் முடிந்துவிட்டது, புதிது வாங்க உதவுங்கள்" என்பதே அது. பிள்ளை கல்லூரியில் கடைசி ஆண்டு படிப்பாள். ப்ராஜெக்ட் வேலை முழுவதும் அதற்குள் இருக்கும். தகப்பனாரோ ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வேறு வழி தெரியாமல் வட்டியோடு மாதத் தவணையில் புதிதை எடுத்துவிடுகிறார்கள். பழையது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

திரை இருண்டதால் லேப்டாப்பே போய்விட்டது என்று பொருளல்ல. திரைக்குச் செல்லும் கேபிள் தளர்ந்திருந்தாலும் படம் வராது, பேனல் பழுதானாலும் வராது. இரண்டுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. எனவே எந்தப் பாகம் பழுது என்று தெரிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

1. எச்டிஎம்ஐ வயரால் லேப்டாப்பை டிவியோடு இணையுங்கள். விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் படத்தை எங்கே காட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம். டிவியில் படம் தெளிவாக வந்தால் உள்ளே உள்ள போர்டு நன்றாக இருக்கிறது. பழுது பெரும்பாலும் பேனலிலோ கேபிளிலோதான். டிவியிலும் அதே கோடுகள் வந்தால் பழுது கிராபிக்ஸ் பகுதியில் இருக்கலாம். டிவியில் படம் வந்தவுடன் முதல் வேலையாக முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

2. இருட்டறையில் திரை மீது டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் படத்தைக் காட்டுகிறது, அதன் பின்னால் உள்ள விளக்கு மட்டும் எரியவில்லை என்று அர்த்தம்.

3. மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து மறு கோணத்தில் போனால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் மீதே முதல் சந்தேகம்.

4. லேப்டாப்பைப் போட்டவுடன் வரும் கம்பெனி சின்னத்தைக் கவனியுங்கள். அது சரியாக வந்து, விண்டோஸ் திறந்த பிறகு மட்டும் கோளாறு என்றால் அது மென்பொருள் பிரச்சினையாக இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். இதற்குச் செலவே இல்லை.

5. நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டெல் கம்பெனியின் லேப்டாப்பில் தனிச் சோதனை ஒன்று உண்டு. டி எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினால் திரை முழுவதும் ஒவ்வொரு நிறமாக மாறும். அதிலும் கோடு தெரிந்தால் பழுது திரைப் பகுதியில்தான்.

கண்ணாடி விரிசலோ மை சிந்தியது போன்ற கறையோ இருந்தால் பேனலை மாற்றத்தான் வேண்டும். கீபோர்டு மீது பேனாவையோ இயர்போனையோ வைத்துவிட்டு மூடியை அழுத்துவதால் இப்படி உடைவதுண்டு. இதற்கு வாரண்டி காலத்திலேயே இலவசப் பழுதுபார்ப்பு கிடைப்பதில்லை.

கடைக்கு முன்னால் கம்பெனி

உடையாத திரை தானாகவே பழுதானால், வெளிக்கடையில் திறக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அந்த மாடலில் பலருக்கும் அதே பழுது வந்திருக்கலாம். 2016-ல் வந்த 13 அங்குல ஆப்பிள் மேக்புக் ப்ரோவில், மூடியைத் திறந்து மூடும்போது மெல்லிய கேபிள் தேய்ந்து, திரையின் அடியில் விளக்கு வரிசை போல ஒளி தெரிந்து, பிறகு திரையே இருண்டது. கேபிள் திரையோடு ஒன்றாக இணைந்திருந்ததால் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. பலரும் முறையிட்ட பின், 2019 மே மாதம் ஆப்பிள் அதை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. வாங்கி நான்கு ஆண்டுகள் வரை அது பொருந்தும் என்றது. ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்கவும் வழி வைத்தது. வாரண்டி முடிந்தது என்று பேசாமல் இருந்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது.

கடையில் கேட்க வேண்டியவை

காஞ்சிபுரத்தில் கொடுத்தாலும் சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனாலும், எந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டு கடைகளில் விசாரியுங்கள். பேனலின் பின்புறம் அதன் மாடல் எண் இருக்கும். ஒரே 15.6 அங்குலமானாலும் 30 பின், 40 பின் என்று இணைப்பு வேறுபடும், தெளிவுத்திறனும் வேறுபடும். புதிய பேனலா பழையதா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளின் லேப்டாப் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். திரை மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வரை வந்தாலே திரை சரியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். முடிந்தால் கண் முன்னாலேயே மாற்றி வாங்குங்கள்.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதே மாடலில் போர்டு போன ஒன்று உறவினர் வீட்டில் கிடந்தால், அதன் நல்ல பேனலை இதில் பொருத்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். பழுதுபார்க்கும் செலவு, அதே போன்ற பழைய லேப்டாப் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் அதை விட்டுவிடுவதே நல்லது.

சட்டம் தரும் வழி

வாரண்டிக்குப் பின் வரும் எல்லாப் பழுதுக்கும் நிவாரணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாரண்டி காலத்திலேயே அந்தப் பழுதைப் புகார் செய்து ஜாப் ஷீட் வாங்கியிருந்தால், அல்லது காசு வாங்கிச் செய்த வேலை உத்தரவாதக் காலத்திலேயே கெட்டுப்போனால், நம் பக்கம் வலு உண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பில்லும் ஜாப் ஷீட்டும்தான் ஆதாரம். தேய்ந்து மங்கும் காகிதம் என்பதால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

பழுதுபார்க்கப் பணமில்லாத குடும்பத்தினர், வட்டித் தவணையில் கையெழுத்துப் போடும் முன், கடையில் எழுதி வாங்கிய விலைச் சீட்டோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். கர்ளன் ஹஸனா எனும் வட்டியில்லாக் கடனாக உதவ முடியுமா என்று பரிசீலிப்போம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் பயன்படாமல் லேப்டாப் வைத்திருப்பவர்களும் தெரியப்படுத்துங்கள். அதிலுள்ள ஒரு நல்ல பேனல் இன்னொரு பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்