திறவாத தமிழ்க் கோப்புகள்: குறியேற்றச் சிக்கலும் மீட்பும்

ஒருங்குறி பரவலாவதற்கு முன் கணினியில் தட்டச்சிடப்பெற்ற ஆய்வேடுகள், பதிப்புகள், சொல்லடைவுகள் பலவும் குறுவட்டுகளிலும் பழைய வன்வட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க முயல்வோர் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டுவது வழக்கம். அம்முடிவு பல நேரங்களில் பிழையானது. கோப்பு திறவாமை வேறு. திறந்த கோப்பைப் படிக்க இயலாமை வேறு. எதுவாயினும் மூலக் கோப்பைத் தொடாமல், அதன் படியிலேயே சோதனை செய்தல் வேண்டும்.

கோப்பு திறக்கவே மறுத்தால், பெயரின் இறுதியில் உள்ள நீட்சியை நம்புவதைவிடக் கோப்பின் தொடக்கத்தை நோக்குவது நன்று. நோட்பேடில் திறக்கும்போது முதலில் ‘பி’, ‘கே’ என்னும் ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது ஜிப் முறையில் கட்டப்பட்ட கோப்பு. வேர்டு 2007 முதலான டாக்எக்ஸ் ஆவணங்கள் இவ்வகையின. படியின் நீட்சியை ‘ஜிப்’ என மாற்றி விரித்தால், ‘வேர்டு’ என்னும் உறைக்குள் ‘டாக்குமென்ட்’ என்னும் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். படங்கள் சிதைந்திருப்பினும் உரை அதில் எஞ்சியிருக்கலாம். கோப்பின் அளவு சுழியமெனில் மீட்பதற்கு உள்ளே ஏதுமில்லை.

திறந்தும் படிக்க இயலாத கோப்புகளே தமிழாய்வில் மிகுதி. தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் தமிழக அரசால் முன்வைக்கப்பட்டன. திஸ்கி இணையவழித் தமிழரிடையே வழங்கியது. இலங்கைத் தமிழரிடையே பாமினி வேரூன்றியது. பாமினியில் ‘தமிழ்’ என்று தோன்றுவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு நீங்கினால் ஆங்கிலக் குப்பையே எஞ்சும். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் மீளும். வேர்டில் அவ்வுரையைத் தெரிவுசெய்தால் எழுத்துருப் பெட்டியில் பழைய பெயர் தெரியும். எந்தக் குறியேற்றம் என்பதற்கு அதுவே தலையாய சான்று. வெற்றுரையாகச் சேமித்தால் அச்சான்று அழிந்துவிடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

திரையில் தோன்றும் குறிகளும் நோயைக் காட்டும். கட்டங்கள் தோன்றினால் உரிய எழுத்துரு இல்லை என்பது பெரும்பாலும் பொருள், உரைக்குப் பழுதில்லை. மேலே கோடிட்ட ‘ஏ’யும் வட்டத்துள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 முறையில் அமைந்த ஒருங்குறித் தமிழ் மேலைநாட்டுக் குறியேற்றமாகப் படிக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். சேமிக்காமல் மூடி, யூடிஎஃப்-8 எனத் தேர்ந்து மீண்டும் திறந்தால் சரியாகும். சேமித்த கோப்பில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் வினாக்குறிகளாகியிருந்தால் நம்பிக்கைக்கு இடமில்லை. ஒருங்குறி உரையை ‘ஆன்சி’ முறையில் சேமித்தபோது வெவ்வேறு எழுத்துகள் ஒரே குறியாகிவிட்டன. எது எதுவென அறிய வழியில்லை.

மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்த பின்னரும் பணி முடிவதில்லை. பழைய குறியேற்றங்களில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்திற்கு முன் பதிவாகும். ஒருங்குறியில் பின் பதிவாகும். இவ்விட மாற்றத்தை மாற்றிகள் பெரும்பாலும் செய்துவிடுகின்றன. ஔகாரமே தொல்லை தருவது. ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் பல எழுத்துருக்களில் ஒரே இடம் என்பதால், ‘கௌவை’, ‘பௌவம்’ ஆகியன ‘கெளவை’, ‘பெளவம்’ என உருமாறலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலில் அகப்படா. அத்தகைய தரவைக் கொண்டு சங்கச் சொல்லாட்சியைக் கணக்கிட்டால் எண்ணிக்கையே பிழைபடும். இருமொழி ஆய்வேடுகளில் மற்றொரு கேடும் உண்டு: பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொள்வதால், முழு ஆவணத்தையும் ஒருசேர மாற்றினால் ஆங்கில மேற்கோள்களும் பொருளற்ற தமிழாகும். எழுத்துருப் பெயர்வழித் தமிழ்ப்பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றி, அடிக்குறிப்புகளையும் அட்டவணைகளையும் அச்சுப்படியோடு தனியே ஒப்புநோக்க வேண்டும்.