வீட்டுக்குள் இணையம் – 6: ஒரு லேப்டாப் மட்டும் ஏன் தவிக்கிறது?

ஒரே வீடு, ஒரே ரவுட்டர், ஒரே மாதக் கட்டணம். பிள்ளைகளின் செல்போனில் படம் தடையில்லாமல் ஓடுகிறது; அப்பாவின் லேப்டாப்பில் மட்டும் வங்கியின் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. இந்த நிலையில் பல குடும்பங்கள் இணைய நிறுவனத்துக்குப் புகார் சொல்கின்றன, இல்லாவிட்டால் கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறுகின்றன. மற்ற கருவிகள் நன்றாக ஓடி, ஒரு கருவி மட்டும் தடுமாறும்போது இந்த இரண்டாலும் பெரும்பாலும் பயனில்லை. பழுது ரவுட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

தெருவிலிருந்து ரவுட்டர் வரை வரும் ஃபைபர் பாதை சென்ற வாரம் விளக்கப்பட்டது. அதன் பிறகு மிஞ்சுவது இரண்டு: ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலுள்ள காற்றுவெளி, லேப்டாப்பின் உட்புறம். குறை எதில் என்று பிரித்தறிய ஒரு செல்போன் போதும். லேப்டாப் வழக்கமாக இருக்கும் மேசையிலேயே செல்போனை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் வேகச் சோதனை செய்ய வேண்டும். உடனே அதே இடத்தில் லேப்டாப்பிலும் அதே சோதனை. இரண்டும் மெதுவாக இருந்தால் அந்த அறைக்குச் சிக்னல் சரியாக வரவில்லை. செல்போன் வேகமாகவும் லேப்டாப் மெதுவாகவும் இருந்தால், லேப்டாப்பை ரவுட்டருக்கு அருகே கொண்டுபோய் மறுபடி பார்க்க வேண்டும். அங்கே வேகம் கூடினால் தொலைவும் சுவர்களும் காரணம். அங்கேயும் கூடவில்லையென்றால் குறை லேப்டாப்பில். லேன் கேபிள் இருந்தால் அதைச் செருகியும் பார்க்கலாம். கேபிளில் வேகம் முழுமையாக வந்தால், லேப்டாப்பின் மற்ற பாகங்களை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

சோதனை எண்ணைப் படிப்பதில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. இணையத் திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுகின்றன. கோப்பு இறங்கும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம், குறை அல்ல.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ரவுட்டரும் லேப்டாப்பும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரி தென்படும். அருகிலேயே எந்த அலைவரிசை, எந்தச் சேனல் என்பதும் இருக்கும். மெதுவான லேப்டாப்பைப் பற்றி இந்த ஒரு பக்கம் சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை. அங்கே 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால், ஒரே ஆன்டெனாவுடன் 2.4 கிகாஹெர்ட்ஸில், 802.11என் என்ற வைஃபை தரநிலையில் லேப்டாப் பேசுகிறது என்று பொருள். 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஆன்டெனா. 866 என்றால் இரண்டு. இருபதுக்கும் கீழே இருந்தால் சிக்னல் மிக நலிந்திருக்கிறது.

இந்த எண்ணும் முழுதாகக் கைக்கு வராது. வைஃபையில் பெரும்பாலும் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு தொகுதிக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலும் அதே காற்றில்தான் திரும்ப வேண்டும். இவையெல்லாம் போக ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். லிங்க் ஸ்பீட் 72 காட்டும் லேப்டாப்பில் சோதனை 35 முதல் 45 வரை காட்டினால் அது தன் முழுத் திறனில் ஓடுகிறது. வீட்டில் 200 எம்பிபிஎஸ் திட்டம் இருந்தாலும், 500-க்கு மாறினாலும், அந்த லேப்டாப்புக்கு ஒன்றுதான்.

இத்தகைய லேப்டாப்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் மிகுந்த அலைவரிசை; அதற்குப் பழைய காரணம் உண்டு. தொழிற்சாலைக் கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த சில அலைவரிசைகளை, உரிமம் இல்லாமல் தகவல் தொடர்புக்கும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985-இல் அனுமதித்தது. அவற்றில் ஒன்று இது. 1997-இல் வந்த முதல் வைஃபை தரநிலை இந்த அலைவரிசையில் 2 எம்பிபிஎஸ் வரைதான் தந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில், சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, ப்ளூடூத்தும் இங்கேதான். இந்தியாவில் இந்த அலைவரிசையில் 13 சேனல்கள் இருந்தாலும், அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று உரசாமல் பயன்படுத்தக்கூடியவை வழக்கமாக மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பல ரவுட்டர்கள் சேனலைத் தேர்ந்தெடுப்பது ஆன் ஆகும் நேரத்தில் மட்டுமே. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் இரண்டு நாள் நன்றாக இருந்து, பிறகு பழையபடி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவிலும் 2018-இல் இதன் பெரும்பகுதி உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. பெரும்பாலான புதிய ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசையும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சில லேப்டாப்கள் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. ரவுட்டரின் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, லேப்டாப்பில் பழைய பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் இணைத்தால் பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். லேப்டாப்பின் பட்டியலில் அந்தப் பெயரே தென்படவில்லை என்றால், பெரும்பாலும் அதன் வைஃபை கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. மலிவு விலை லேப்டாப்களில் பல ஆண்டுகள் இத்தகைய கார்டுகளே வந்தன.

5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் ஆகாது. கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் அதன் வலு வெகுவாகக் குறையும். இரண்டு சுவர் தாண்டினால் 2.4-ஏ மேல் என்றாகிவிடும். நம் வீடுகளில் சுவரைவிடப் பெரிய தடை இரும்பு பீரோ. ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவில் பீரோ நின்றால், ரவுட்டரை வேறு மூலைக்கு மாற்றுவதே பரிகாரம். ஃபைபர் ஒயர் நீளம் இடம் கொடுக்காவிட்டால் மேசையை மாற்றலாம். ரிப்பீட்டர் வாங்குவோர் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில்தான் அது இருக்க வேண்டும். அப்போதும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும்.

அதிகம் அறியப்படாத ஒரு காரணம் லேப்டாப்பிலேயே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின்காந்த இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியது. ஹார்ட் டிஸ்க்கையோ பென்டிரைவையோ கழற்றிவிட்டுச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆன்டெனா பழுது தனியாகக் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள் கீல் வழியாக இறங்கி, கீழே உள்ள வைஃபை கார்டில் பொருந்துகின்றன. கீல் உடைந்த லேப்டாப்களில் இந்த ஒயர் நசுங்கியோ அறுந்தோ போவதுண்டு. சர்வீஸுக்குக் கொடுத்து வந்த லேப்டாப்பில், திறந்தவர் ஒயரைத் திரும்பப் பொருத்தாமல் மூடியிருக்கலாம். ரவுட்டரின் பக்கத்திலேயே வைத்தும் சிக்னல் கோடு முழுமையாக வரவில்லை, திரையைச் சாய்க்கும்போது சிக்னல் ஏறி இறங்குகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். ஒயர் கழன்றிருந்தால் திறந்து மாட்டுவது சில நிமிட வேலை. அறுந்திருந்தால் புது ஒயர். இதற்காக லேப்டாப்பையே மாற்றச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

சார்ஜர் இல்லாதபோது மட்டும் வேகம் குறைந்தால், வைஃபை கார்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. பவர் செட்டிங்கில் அதை மாற்றலாம். பின்னணியில் ஓடி வேகத்தைக் குறைக்கும் விண்டோஸ் அப்டேட், கிளவுடில் படம் ஏற்றும் செயலி, மறந்துபோன விபிஎன் ஆகியவற்றை டாஸ்க் மேனேஜர் காட்டிக்கொடுக்கும்.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால், வைஃபையின் மேல் வீண்பழி போடப்பட்டிருக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில், பக்கத்தின் தகவல் நொடியில் வந்துவிட்டாலும் பிரவுசர் அதை எடுத்துக் காட்டத் திணறும். வேகச் சோதனையில் நல்ல எண், பக்கம் திறப்பதில் தாமதம் என்றால் பெரும்பாலும் இதுதான். எஸ்எஸ்டி மாற்றினால் அந்த லேப்டாப் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

வைஃபை கார்டுதான் பழையது என்று முடிவானால், இரட்டை அலைவரிசை கொண்ட யுஎஸ்பி வைஃபை அடாப்டர் எளிய தீர்வு. உள்ளே இருக்கும் கார்டையும் மாற்றலாம். ஆனால் சில பழைய மாடல்களின் பயாஸ், தயாரிப்பு நிறுவனம் அனுமதித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பெரியவர்தானே, மெயிலும் செய்தியும்தானே பார்க்கிறார் என்று இந்த லேப்டாப்பை அப்படியே விட்டுவிடுவது மற்றவர்களுக்கும் நஷ்டம். பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியது இது: 11 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் கருவிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் 1 எம்பிபிஎஸ்ஸில் பேசினால், எல்லாவற்றின் வேகமும் அந்த ஒன்றின் அளவுக்கு அருகே இறங்கிவிடுகிறது. மெதுவான கருவி அதே அளவு தகவலை அனுப்ப அதிக நேரம் காற்றைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். இன்றைய ரவுட்டர்கள் சிலவற்றில் இதைச் சமன்செய்யும் வசதி வந்துவிட்டது; பலவற்றில் இல்லை. அத்தகைய வீட்டில் அப்பாவின் லேப்டாப் சரியானால் பிள்ளைகளின் செல்போனுக்கும் வேகம் கூடும்.