டிப்ளமோவிலிருந்து பி.இ.: மூன்றும் மூன்றும் ஆறு



"பாலிடெக்னிக்கா? பிளஸ் டூ போயிருந்தா இன்ஜினியர் ஆகியிருக்கலாமேப்பா" என்று கேட்க ஊருக்கு ஒரு மாமா இருப்பார். செம்மேட்டில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் படிக்க வரும் எங்கள் கொல்லிமலைப் பசங்களிடம் இதைக் கேட்காத ஆளே இல்லை. அவருக்குப் பதில் ஒரு சின்னக் கணக்குதான். பத்தாவதுக்குப் பின் பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், ஆக 6. நமக்கு டிப்ளமோ 3 வருடம். நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் பி.இ. 3 வருடம். அதுவும் 6தான்! நடுவில் வீட்டு நிலைமை இடித்தால், கையில் இருக்கும் டிப்ளமோவை வைத்து ஒரு வேலைக்காவது போகலாம்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வழியல்ல. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் ஜூனியர் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்தே, உள்ளூர்க் கல்லூரியில் குறைந்த செலவில் 2 வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆனால் அங்கே படித்த பாடங்களில் எதை ஏற்பது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு விதி வைத்திருக்கும். நமக்கோ முதலாண்டு முழுசாகத் தள்ளுபடி.

சிக்கலும் அங்கேதான். முதலாண்டைத் தள்ளுபடி செய்கிறார்களே தவிர, அதில் நடத்திய கணிதத்தைத் தள்ளுபடி செய்வதில்லை. நாம் கணிதத்தைத் தொட்டது டிப்ளமோ முதல் வருடத்தில். பிறகு இரண்டு வருடம் ஒர்க்‌ஷாப், டிராயிங், லேப் என்று ஓடிவிடுகிறது. மெக்கானிக்கல், சிவில் என்றால் மூன்றாம் செமஸ்டரில் நுழைந்ததும் 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' பேப்பர் காத்திருக்கும். பெர்னூலி சூத்திரம் போட்டு இன்டெக்ரேட் பண்ண வராவிட்டால் ஃபூரியர் சீரிஸில் ஒரு கணக்கும் முடியாது. பார்ஷியல் டிஃபரன்சியேஷன் தெரிந்தவராக வைத்துத்தான் வாத்தியார் போர்டில் ஆரம்பிப்பார். லேத்தில் கை தேர்ந்த பையன் இந்த ஒரு பேப்பரில் அரியர் வைத்து, அது அடுத்த செமஸ்டரிலும் தொடர்ந்து, மனசு விட்டுப் போவது இப்படித்தான். ஆறாவது செமஸ்டர் பரீட்சைக்கும் பி.இ. வகுப்புக்கும் நடுவே கிடைக்கும் லீவில், சீனியர் ஒருவரிடம் முதலாண்டு கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி, இன்டெக்ரேஷனையும் மேட்ரிக்ஸையும் போட்டுப் பாருங்கள். மற்ற பாடங்களுக்குப் பயம் வேண்டாம். மெஷின் டிராயிங்கில் பிளஸ் டூ பசங்க நம்மிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்!

சேர்க்கை டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து, அரசு கலந்தாய்வு மூலம். பல வருடங்கள் இதற்காகக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிக்குப் பெட்டியும் பையுமாகப் போனார்கள். இப்போது எல்லாம் இணையவழி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குக் கலந்தாய்வு வழியாகத்தான் சேர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

மலைப் பசங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழங்குடியினருக்குத் தமிழகத்தில் 1 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் நமக்குரிய சாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நல்ல மார்க் இருந்தும் பொதுப் பட்டியலில்தான் நிற்க வேண்டிவரும். சான்றிதழ் இல்லாதவர்கள் ஐந்தாவது செமஸ்டரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்த தம்பிகளுக்கும் வழி உண்டு. கொல்லிமலையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே 2 வருடப் படிப்பை முடித்தால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, பிறகு பி.இ.யிலும் அதேபோல. பத்தாவதிலிருந்து எண்ணினால் 7 வருடம், ஒன்றுதான் கூடுதல். உடனே சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால், கோவை ஜி.சி.டி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்றே பகுதிநேர பி.இ. நடத்தி வந்திருக்கிறார்கள். பகலில் கம்பெனி, மாலையில் வகுப்பு, மூன்றரை வருடம். அங்கேயும் கணிதம் உண்டு.