சாமி இல்லாத கோயில்... ஊர் இல்லாத பாட்டு!

போன வருஷம் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒரு ராப் பாடினேன் பாஸ். முழுக்க இங்கிலீஷ்! நியூயார்க் தெரு, பனி, பெரிய கார்னு ஒரே அலப்பறை. நான் தாண்டினதோ பாலாறு மட்டும்தான். செம கைதட்டல். மேடையை விட்டு இறங்கினதும் ரூம்மேட் கேட்டான்... ''எல்லாம் ஓகே மச்சி, இதுல நீ எங்கடா இருக்க?''

பதில் வரலை. மறுநாள் சாயங்காலம் தனியா வேலூர் கோட்டைக்குப் போய் உட்கார்ந்தேன்.

16-ம் நூற்றாண்டுக் கோட்டை. சுத்தியும் அகழி. 1806 ஜூலை 10-ல சிப்பாய்கள் புரட்சி வெடிச்ச இடம். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். கல்யாண மண்டபத் தூண்ல யாளி, குதிரை வீரன்னு ஒவ்வொண்ணும் அசத்தல்! ஆனா, பல தலைமுறையா இங்கே சாமியே இல்லை, தெரியுமா? லிங்கம் சத்துவாச்சாரியில இருந்தது. 1981-லதான் திரும்ப வந்தது. அதுவரை சிற்பத்துக்குக் குறைச்சல் இல்லை, விளக்குதான் இல்லை.

சுருக்குனு இருந்தது. என் பாட்டும் அப்படித்தானே! ரைம் இருக்கு, உள்ளே ஆள் இல்லை.

'ஆட்டோ-டியூன் போட்டாலே போலி'ம்பாங்க சிலர். 1997-ல வந்த சாஃப்ட்வேர் அது. அடுத்த வருஷமே ஷெர் பாடின 'பிலீவ்' அதை வெச்சுத்தான் உலக ஹிட்! அதனால மெஷின் மேல பழி போட முடியாது. 2021-ல வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கோங்க. நவீன பீட்தான். ஆனா அதுக்குள்ள, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச பாட்டி இருக்காங்க. அது அறிவோட சொந்தப் பாட்டி. அவர் நம்ம அரக்கோணத்துக்காரர், இன்ஜினீயரிங் படிச்சவர்! அந்தப் பாட்டுல யாருக்கு எவ்வளவு பங்குன்னு பின்னாடி பெரிய சர்ச்சையே வந்தது. உள்ளே ஏதோ இருந்தாதானே அதுக்கு உரிமை கேட்டு வருவாங்க? என் நியூயார்க்கை யாரு கேட்கப் போறா!

லீவுக்கு ஆம்பூர் போனேன். அம்மா ஷூ கம்பெனியில 'அப்பர்' தைக்கிறாங்க. அன்னிக்குத்தான் முதல்முறையா கேட்டேன்...

''நீ தைக்கிற ஷூ எந்த ஊருக்கும்மா போவுது?''

''யாருக்குடா தெரியும்... ஏதோ ஃபாரினு.''

நான் பார்க்காத தெருவுல, அம்மா தைச்ச ஷூ நடந்துட்டு இருக்கலாம். இருபது வருஷமா எனக்கு இது தோணவே இல்லையே!

இப்ப புதுசா எழுதிட்டிருக்கேன். நாலு வரிதான் தேறியிருக்கு. தமிழ்லதான்!