உருப்படாத வேலைகள் – 9: கொள்ளையன் பெட்டியும் கத்திரி வெயில் பெட்டியும்

போன வாரம், கலிபோர்னியாக் கடற்கரையில் கேக் சுடும் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்த ஃபிரெட் மோரிசனோடு நிறுத்தியிருந்தோம். அந்த விளையாட்டில் பிறந்ததுதான் ஃபிரிஸ்பீ. முன்கதை இவ்வளவு போதும். இந்த வாரம் ‘புதையல் தீவு’ நாவலின் ஒற்றைக்கால் ஜான் சில்வர் வருவார் என்று வாக்குக் கொடுத்திருந்ததும் மறக்கவில்லை. ஆனால் அவரைத் தேடிப் போன வழியில் ஒரு வெள்ளைப் பெட்டி குறுக்கே வந்துவிட்டது. சில்வர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

1881 ஆகஸ்ட். ஸ்காட்லாந்து மலைநாட்டில் பிரேமர் என்ற சிற்றூர். கோடையைக் கழிப்பதற்காக அங்கே ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். கூடவே மனைவி ஃபேனி, ஃபேனியின் முதல் கல்யாணத்து மகன் லாயிட், ஸ்டீவன்சனின் அப்பா அம்மா. கோடை என்று பெயர்தான். மழை விட்டபாடில்லை; குளிர்காற்று வேறு. நெஞ்சு நோயாளியான ஸ்டீவன்சன் வெளியே தலைகாட்ட முடியாது. பதின்மூன்று வயதுப் பையன் வீட்டுக்குள் அடைந்து கிடந்து என்ன செய்வான்? ஒரு ஷில்லிங் வாட்டர் கலர் பெட்டியை வைத்துக்கொண்டு, இருந்த அறைகளில் ஒன்றை ஓவியக் கண்காட்சி ஆக்கிவிட்டான். முப்பது வயது எழுத்தாளரும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூரிகையைப் பிடித்தார். மத்தியானங்கள் இப்படியே போயின.

‘உருப்படுகிற வேலையைப் பாரு’ என்று யாராவது அவரை அதட்டியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். கட்டுரைகளும் பயண நூல்களும் வெளிவந்து ஓரளவு பெயர் கிடைத்திருந்தது, காசுதான் சேரவில்லை. அதுவரை ஒரு வருஷத்துக்கு 200 பவுண்டுகூடச் சம்பாதித்ததில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். நாவல் என்று பத்துப் பன்னிரண்டு தடவை தொடங்கி ஒன்றையும் முடித்தபாடில்லை. குடும்பம் நடந்தது அப்பாவின் தயவில். போதாக்குறைக்கு, மகனுடைய புத்தகம் ஒன்று தேறாது என்று முடிவாகி, அதை அப்பாவே காசு கொடுத்துத் திரும்ப வாங்கி நிறுத்தியிருந்தார்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் காகிதத்தில் அந்தத் தீவு வந்தது. வரைந்தது யார் என்பதில் இரண்டு சாட்சியங்கள் உண்டு. தானே வரைந்து வண்ணம் தீட்டியதாக ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். தொடங்கியது நான், அவர் என் தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கையில் எடுத்துக்கொண்டார் என்று வளர்ந்து பெரியவனான லாயிட் சொன்னான். இரண்டு கையும் பட்டது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எலும்புக்கூட்டுத் தீவு, தொலைநோக்கி மலை என்று பெயர்கள் விழுந்தன. மூன்று சிவப்புச் சிலுவைக் குறிகளும் விழுந்தன. புதையல் எங்கே என்று தெரிந்துவிட்டது. இனி அதைத் தேடிப் போகிறவர்கள் வேண்டுமே! வரைந்த காட்டுக்குள்ளிருந்து ஆள்கள் தலைநீட்டத் தொடங்கினார்கள் என்கிற தோரணையில் சொல்கிறார் ஸ்டீவன்சன். அடுத்த காகிதத்தை இழுத்து அத்தியாயப் பட்டியல் போட்டார்.

காலையில் கணப்படுப்பு ஓரமாக ஓர் அத்தியாயம் எழுதுவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவது என்று நாள்கள் நகர்ந்தன. கதையில் பெண்களே கூடாது என்பது பையனின் உத்தரவு. கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம்மின் அம்மா மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்.

இதுவரை சொன்னது பலருக்குத் தெரிந்த கதைதான். ‘புதையல் தீவு’ என்று தமிழில் படித்தவர்களும் உண்டு, பள்ளிக்கூடத்தில் நான்-டீடெயிலாகப் படித்து மறந்தவர்களும் உண்டு. இந்த வாரத்தைப் பாழாக்கியது அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இன்னோர் ஆள். பேரனைவிட மோசமாகக் கதைக்குள் விழுந்தவர். ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ், வயது 63.

தாமஸ் ஸ்டீவன்சன் விளையாட்டுக்காரர் இல்லை. கலங்கரை விளக்கம் கட்டுவது அந்தக் குடும்பத்தின் தொழில். தாமஸின் அப்பா ராபர்ட், கடல் நடுவே முங்கிக் கிடக்கும் பெல் ராக் பாறைமேல் விளக்கம் எழுப்பியவர். அது 1811இல் ஏற்றப்பட்டது. அண்ணன்கள் இரண்டு பேரும் அதே தொழில். அலை எவ்வளவு விசையோடு மோதுகிறது என்று அளக்கக் கருவி செய்தவர் தாமஸ். தெய்வபக்தி, கண்டிப்பு, ஒழுங்கு. மகனும் அதே தொழிலுக்கு வருவான் என்று படிக்கவைத்தார். 1871இல் மகன் முடியாது என்று சொல்லிவிட்டான். சட்டமாவது படி என்றார். படித்தான், தேறினான், தொழில் நடத்தவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. ராத்திரி படுத்ததும் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டு தூங்குவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாழ்நாள் முழுக்க. பாய்மரக் கப்பல், சாலையோரச் சத்திரம், வழிப்பறிக்காரன், கிழட்டு மாலுமி. நீராவி எந்திரம் வருவதற்கு முந்தைய உலகம். ஒரு கதையையும் அவர் முடித்ததில்லை. தூக்கம் வந்துவிடும், அப்புறம் முடிவு எதற்கு?

பிரேமரில் மகன் வாசித்த முதல் அத்தியாயத்திலேயே சாலையோரச் சத்திரமும் வந்தது, கிழட்டு மாலுமியும் வந்தான். அறுபது தாண்டிய எஞ்சினியருக்குத் தன்னுடைய தூக்கக்கதையை வேறொருவர் வாயால் கேட்பதுபோல இருந்திருக்க வேண்டும். சத்திரத்தில் செத்துப்போன அந்த மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்க வேண்டிய கட்டம் வந்தபோது, அவர் ஒரு சட்ட உறையின் பின்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் என்னென்ன இருந்திருக்கும்? ஒரு பகலின் பெரும்பகுதியை அதில் செலவழித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். கோண அளவி, தகரக் குவளை, புகையிலைக் கட்டைகள், கைத்துப்பாக்கிகள், ஒரு வெள்ளிக்கட்டி, பழைய ஸ்பானியக் கடிகாரம், மேற்கிந்தியத் தீவுச் சங்குகள் ஐந்தாறு. மகன் அந்தப் பட்டியலை அப்படியே கதையில் சேர்த்தார். கொள்ளையன் ஃபிளின்ட்டின் கப்பலுக்கு ‘வால்ரஸ்’ என்று பெயர் வைத்ததும் அப்பாதான்.

புத்தகம் கையில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கொள்ளையன் பெட்டி என்றால் கற்பனை ரத்தினத்துக்கும் மண்டையோட்டுக்கும்தான் ஓடும். இது எஸ்டிமேட் போட்டுப் பழகிய கை. புகையிலை வைக்கிற இடத்தில் புகையிலை வைத்து, அளக்கிற கருவியை மறக்காமல், ஒரு மாலுமி உண்மையில் எதைச் சேர்த்து வைப்பான் என்று யோசித்துப் போட்ட சாமான் லிஸ்ட். சங்குகள்தான் அதில் அற்புதம். ஊர் ஊராகத் தப்பி ஓடிய பாவி எதற்காக அவற்றைச் சுமந்தான் என்று ஜிம்முக்கும் புரிவதில்லை.

இங்கேதான் வெள்ளைப் பெட்டி. கத்திரி வெயிலில் தினம் சாயங்காலம் செய்தியில் ‘வெயில் சதமடித்தது’ என்று ஊர்ப் பட்டியல் வாசிக்கிறார்களே, அந்த டிகிரிக் கணக்கு எங்கிருந்து வருகிறது? வானிலை ஆய்வு மையத் திறந்தவெளியில், நாலு கால் வைத்து ஆள் உயரத்துக்கு நிற்கும் மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் தொங்கும். பெட்டிக்கு ‘ஸ்டீவன்சன் ஸ்கிரீன்’ என்று பெயர். 1860களில் அதை வடிவமைத்தவர் நம் தாமஸ் ஸ்டீவன்சனேதான்!

தெரிந்த மாத்திரத்தில் சில்வர் மறந்துபோனதற்கு மன்னிக்க வேண்டும். வெயிலில் வெப்பமானியை நட்டால் அது சூடேறித் தன் சூட்டையே காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. சுவரோரம் வைத்தால் சுவரின் அனல் சேரும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் காற்றே புகாது. வெயில் படக்கூடாது, காற்று வர வேண்டும். பழைய குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்களே, அதுபோல நாலு பக்கமும் இரட்டை வரிசையில் சாய்ந்த மரச்சட்டங்களை வைத்தார் தாமஸ். வெளியே வெள்ளைப் பெயின்ட், வெயிலைத் திருப்பியனுப்ப. உள்ளே சாதாரண வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அன்றைய உச்சத்தைக் காட்ட ஒன்று, குறைந்த அளவைக் காட்ட ஒன்று. தரையிலிருந்து நாலடி உயரம். பல இடங்களில் இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டாலும் அவற்றின் உணர்வியைக் காப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெள்ளைத் தட்டுகள்தான். தத்துவம் பழைய தத்துவமே. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் கொளுத்தியதே, அப்படிப்பட்ட கணக்குகளை நம்ப முடிவது இந்த நிழல் பெட்டியால். பிரேமரில் குளிர் தாங்காமல் கணப்படுப்பு ஓரம் உட்கார்ந்து கொள்ளையன் சாமானுக்கு லிஸ்ட் போட்ட மனிதர் செய்த பெட்டியில்தான் நம் ஊர் வெயில் அகப்படுகிறது. ஒரே ஆள், இரண்டு பெட்டி.

கதைக்குத் திரும்பலாம், இடம் குறைந்துகொண்டே வருகிறது.

வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அலெக்சாண்டர் ஜாப் என்பவருக்காக முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்கள். அவர் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய், ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழை நடத்திய ஜேம்ஸ் ஹென்டர்சனிடம் சேர்த்தார். ஸ்டீவன்சன் வைத்த தலைப்பு ‘கப்பல் சமையல்காரன்’. ‘புதையல் தீவு’ என்று பத்திரிகையில் மாற்றினார்கள். பத்திரிகைக்காரர்கள் தலைப்பை மாற்றினால் எழுதுகிறவர்களுக்குக் கோபம் வரும். இந்த ஒரு தடவை அவர்கள் பக்கம்தான் நியாயம்.

தொடர் எழுதுகிறவர்களின் வயிற்றைக் கலக்கும் கட்டம் அடுத்து வருகிறது. பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம் எழுதிய கை, பதினாறாவதில் சில பத்திகளோடு நின்றுபோனது. ஒரு சொல் வரவில்லை. முதல் அத்தியாயங்களின் அச்சுப் பிரதியோ திருத்தத்துக்கு வந்து காத்துக் கிடக்கிறது! பாதிக் கதை கையில் இல்லாத நிலையில், அக்டோபரில் தொடர் வெளிவரத் தொடங்கிவிட்டது. குளிர்காலத்துக்கு நெஞ்சு நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போனார்கள். அங்கே ஒரு காலைப்பொழுதில் மறுபடி உட்கார்ந்தார். முன்போலவே ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் வீதம் ஓடியது. 1882 ஜனவரியில் தொடர் முடிந்தபோது, ‘கேப்டன் ஜார்ஜ் நார்த்’ என்ற புனைபெயரில் வந்த அந்தக் கதையைச் சீண்டுவார் இல்லை. 1883இல் கேசல் நிறுவனம் புத்தகமாகப் போட்டு 100 பவுண்டு கொடுத்தது. அந்த நூறு பவுண்டுக்கு ஸ்டீவன்சன் குதித்த குதி அவர் கடிதத்தில் அப்படியே இருக்கிறது.

புத்தக அச்சில் ஒரு விபத்து. பிரதியோடு அனுப்பிய வரைபடம் வந்து சேரவேயில்லை என்று தகவல் வந்தது. மழைநாளில் விளையாட்டாக வரைந்ததை வைத்துக் கதை எழுதுவது சுலபம்; எழுதிய கதையைப் பார்த்து வரைபடம் போடுவது தண்டனை. எந்த அத்தியாயத்தில் எது எத்தனை தூரம் என்று கணக்கெடுத்து, கவராயத்தை வைத்துக்கொண்டு, அப்பாவின் அலுவலகத்தில் புதிதாக வரைந்தார்கள். கேப்டன் ஃபிளின்ட்டின் கையெழுத்தைப் போலியாகப் போட்டவர், பில்லி போன்ஸ் எழுதியதாக வரும் வழிக்குறிப்பைத் தன் கையால் எழுதியவர், கலங்கரை விளக்க எஞ்சினியர் தாமஸ் ஸ்டீவன்சன். கண்டிப்புக்கும் ஒழுங்குக்கும் பேர்போன மனிதர், கொள்ளையன் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடுகிறார்! புத்தகத்தில் இன்றும் அச்சாவது அந்த இரண்டாவது வரைபடம்தான். ஸ்டீவன்சனுக்கு அது கடைசிவரை ஒட்டவில்லை.

இன்னொன்றையும் அவரே ஒப்புக்கொண்டார். கதையில் வரும் கிளி ராபின்சன் குரூசோவிடமிருந்து வந்தது, எலும்புக்கூடு எட்கர் ஆலன் போவிடமிருந்து. பில்லி போன்ஸும் அவன் பெட்டியும் வாஷிங்டன் இர்விங்கின் கதைகளிலிருந்து தெரியாமலே கூட வந்துவிட்டன; வருஷங்கள் கழித்து இர்விங்கை மறுபடி படித்தபோதுதான் அவருக்கே உறைத்தது. சின்ன வயதில் பொழுதுபோக்காகப் படித்துத் தள்ளியதெல்லாம் பிரேமர் மழையில் முளைத்திருக்கிறது. சங்குகளை மட்டும் யாரிடமும் கடன் வாங்கியதாக அவர் சொல்லவில்லை.

சில்வருக்குத் தன் காலையும் குரலையும் கடன் கொடுத்த நண்பர் ஹென்லி அடுத்த வாரம். இந்தத் தடவை நிச்சயம். அதற்குள் எங்காவது வேளாண் கல்லூரி வளாகத்திலோ வானிலை மையத்து வேலிக்கு உள்ளேயோ நாலு கால் வெள்ளைப் பெட்டி கண்ணில் பட்டால், கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக, வடக்குப் பக்கம் வைத்திருப்பார்கள்.